ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம்: ஓர் எண்ணின் காரணிகளும் மலைநாட்டு மக்களும்

கணிதம் கற்பிப்பவன் வரலாற்றுக் கட்டுரை எழுதப் புகுவது பொருந்துமோ என்று இவ்விதழின் வாசகர் சிலர் ஐயுறக்கூடும். இங்கு எடுத்துக்கொண்ட பொருள் ஓர் எண். எண்ணொன்றின் காரணிகளை ஆராய்வது கணிதத்தின் பாற்படும். ஆனால் அவ்வெண், நுவரெலியா, அட்டன், தலவாக்கலை, பதுளை முதலாய மலைநாட்டுப் பகுதிகளிலே தேயிலைக் கொழுந்து பறித்து வாழ்ந்த மக்களின் தொகையாக எழுதப்பட்டது. ஆதலின் அதன் காரணிகளை ஆராய்பவன், விரும்பினும் விரும்பாவிடினும், வரலாற்றினுள் வந்து சேர்கின்றான்.

1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 30ஆந் திகதி புதுதில்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். இலங்கையில் வாழும் இந்திய வம்சாவளியினருள் இவ்விரு நாட்டுப் பிரசாவுரிமையும் பெறாதோர் ஏறத்தாழ 975,000 பேர் என்று அதிற் குறிக்கப்பட்டது. அவருள் 525,000 பேரை அவர்தம் இயற்கைப் பெருக்கத்துடன் இந்தியா ஏற்றுக்கொள்வது. 300,000 பேருக்கு அவ்வாறே அவர்தம் பெருக்கத்துடன் இலங்கை பிரசாவுரிமை வழங்குவது. எஞ்சிய 150,000 பேரின் நிலையைப் பின்னொரு காலத்து வேறோர் உடன்படிக்கையால் முடிவுசெய்வது. இவையனைத்தையும் பதினைந்து ஆண்டுகளில் நிறைவேற்றுவது. இதுவே அவ்வுடன்படிக்கையின் சாரம். கைச்சாத்திட்டோர் இரு நாட்டு அரசினர். அம்மக்களின் பிரதிநிதி எவரும் அதிற் கைச்சாத்திடவில்லை.

அம்மக்கள் எங்ஙனம் நாடற்றவராயினர் என்பது இவ்விதழைப் படிப்போர் பலரும் அறிந்ததே, சுருங்கக் கூறுவாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தை வழிப் பிறப்பினை ஆதாரமாகக் கேட்டது. தோட்டத்து லயன்களிற் பிறந்து வளர்ந்தவரிடம் தந்தையின் பிறப்பத்தாட்சி இருந்ததோ என்று அச்சட்டம் கவலை கொள்ளவில்லை. மறு ஆண்டிலே இந்திய பாக்கிஸ்தானிய வதிவோருக்கென இயற்றப்பட்ட சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்தமையை நிறுவுதல் வேண்டும் என்பது அவ்வாயிலிற் காவல் நின்ற நிபந்தனை. 1951 ஆகஸ்டு 5ஆந் திகதியுடன் விண்ணப்பக் காலம் முடிந்தபோது ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயரால் வந்து குவிந்திருந்தன. அவருள் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர் மட்டுமே. வாக்குரிமையும் 1949இலேயே பறிபோயிற்று. இதன் பொருட்டே செல்வநாயகம் முதலியோர் தமிழ்க் காங்கிரசை விட்டுப் பிரிந்து அவ்வாண்டு திசெம்பரிலே தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தனர் என்பதை வடபுலத்து வாசகர் மறவார். அதன்பின் மலைநாட்டை நம்மவர் எத்துணை நினைந்தனர் என்பது வேறு கேள்வி.

இனி எண்ணுக்கு வருவோம். 1963ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 1,123,000 பேர். பிரசாவுரிமை பெற்ற 134,000 பேரைக் கழித்தால் 989,000 எஞ்சும். உடன்படிக்கைத் தொகையில் இந்தியக் கடவுச்சீட்டுடையோரும் சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறியோரும் சேர்க்கப்படவில்லை. ஆகவே 975,000 என்பது வெறுங் கற்பனையிற் பிறந்த தொகையன்று. உண்மைத் தொகைக்கு அண்மையிலேயே அது நிற்கின்றது. எனினும் அது எண்ணிக் கண்ட தொகையுமன்று. எண்ணிக் கண்ட தொகைக்கும் பேசி முடித்த தொகைக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றின் காரணிகளே காட்டிவிடும்.

975,000 என்பதனை 975ஐ 1000ஆற் பெருக்கி வந்ததாகக் கொள்க. 975 என்பது 3, 5, 5, 13 என்பவற்றின் பெருக்கம். 1000 என்பது மூன்று 2களும் மூன்று 5களும் பெருக வருவது. ஆகவே 975,000 என்னும் எண்ணிலே 2 மூன்று முறையும், 3 ஒரு முறையும், 5 ஐந்து முறையும், 13 ஒரு முறையும் காரணிகளாக அமைகின்றன. ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் எத்தனை என அறிய விரும்பின், ஒவ்வொரு பகாவெண்ணும் வரும் முறையோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்குதல் வேண்டும் என்பது மாணவர் அறிந்த விதி. இங்கு 4, 2, 6, 2 என்பன பெருகி 96 ஆகும். 975,000ஐ 96 எண்கள் மீதியின்றி வகுக்கும்.

இது பெரிதோ சிறிதோ என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. செருமானியக் கணிதர் திரிச்லே 1849இல் நிறுவிய முடிபின்படி, இவ்வளவு பருமனுடைய எண்களுக்குச் சராசரியாகப் பதினைந்து வகுத்திகளே அமையும். சராசரியை உயர்த்துவோர் சிலரே. பெரும்பாலான எண்கள் அதனினும் மிகக் குறைந்த வகுத்திகளையே உடையன. எடுத்துக்காட்டாக, 1953ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே இந்தியத் தமிழரின் தொகை 974,098 எனக் காணப்பட்டது. அது வீடுவீடாகச் சென்று தலையெண்ணிப் பெற்றது. ஒப்பந்தத்தின் எண்ணுக்கும் அதற்கும் இடைவெளி 902 மட்டுமே. இரு தொகைகளும் வெவ்வேறு ஆண்டுகளுக்கும் வெவ்வேறு வகையினருக்கும் உரியனவாதலின் இவ்வண்மை தற்செயலானது. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்து நோக்குக. 974,098 இரட்டையெண், பாதியாக்கினால் 487,049. இதனை 691 வரையிலுள்ள 125 பகாவெண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தாலும் மீதி எஞ்சியே நிற்கும். ஆகவே 487,049 ஒரு பகாவெண். கையால் வகுத்துப் பார்க்க ஒரு மாலைப்பொழுது முழுதும் வேண்டும். பொறுமையுள்ள மாணவர் முயலலாம். எனவே 974,098ஐ வகுக்கும் எண்கள் நான்கே: 1, 2, 487,049, 974,098. மெய்யாக எண்ணப்பட்ட அம்மக்களை இரு சம கூறாக்கலாம். அன்றி ஒருவர் ஒருவராகப் பிரிக்கலாம். மூன்றாகவோ, ஐந்தாகவோ, பதின்மூன்றாகவோ பகுக்க இயலாது. பேசி முடித்த எண்ணோ 96 வழிகளில் மீதியின்றிப் பகுபடும்.

பங்கிடும் நோக்கோடு குடிமக்கள் தொகையை வகுப்பது புதுமையன்று. கிரேக்க ஞானி பிளேட்டோ தம் முதுமையில் எழுதிய 'சட்டங்கள்' என்னும் நூலிலே, தாம் கற்பித்த நகருக்கு 5040 குடும்பங்களை விதித்தார். 5040 ஒன்று முதல் பத்து வரையுள்ள எல்லா எண்களாலும் வகுபடும். அதன் வகுத்திகள் மொத்தம் அறுபது. போருக்கும் அமைதிக்கும் வரிக்கும் நிலப்பங்கீட்டுக்கும் அத்தகைய எண்ணே ஏற்றது என்பது அவர் கருத்து. தன்னிற் சிறிய எவ்வெண்ணையும்விட மிகுந்த வகுத்திகளையுடைய எண்களை நம் இராமானுசன் 1915ஆம் ஆண்டு இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் வந்த நீண்டதொரு கட்டுரையிலே ஆராய்ந்தார். பிளேட்டோவின் 5040 அவ்வரிசையில் இடம்பெறும் எண்களுள் ஒன்று. பத்து இலட்சத்துக்குட்பட்டவற்றுள் 720,720 என்பதே அவ்வரிசையில் இறுதியானது. அதற்கு 240 வகுத்திகள். 975,000 அவ்வரிசையைச் சேர்ந்ததன்று. ஆனால் பிளேட்டோ எந்நோக்கத்தோடு 5040ஐத் தெரிந்தாரோ அந்நோக்கத்துக்கு இயைந்த இனத்து எண்ணே அதுவும். வேறுபாடு யாதெனில், பிளேட்டோவின் நகரில் எவரும் அன்று வாழ்ந்திலர்.

இங்கு ஓர் எச்சரிக்கை கூறல் முறையாகும். தில்லியிற் கூடியோர் காரணிகளைத் தேடி இவ்வெண்ணை அமைத்தனர் என்று கொள்ளுதல் மிகையாகும். எந்தப் பேரத்திலும் மக்கள் ஆயிரம், இருபத்தையாயிரம், ஐம்பதினாயிரம் என முழுத் தொகைகளிலேயே பேசுவர். மூன்று பகுதிகளையும் இருபத்தையாயிரத்தால் வகுத்தால் 21, 12, 6 என வரும். இம்மூன்றும் மூன்றால் வகுபடுவது தற்செயலாயிருக்கலாம். ஆனால் அத்தற்செயலின் விளைவு கடுமையானது. அதனாலேயே பங்கீடு மிகச் சிறிய எண்களாற் சொல்லக்கூடியதாயிற்று. யூக்கிளிட்டின் முறையை இங்கு ஏற்றிப் பார்ப்போம். 525இலிருந்து 300ஐக் கழிக்க 225. 300இலிருந்து 225ஐக் கழிக்க 75. 225ஐ 75 மூன்று முறை மீதியின்றி வகுக்கும். எனவே 525,000க்கும் 300,000க்கும் பொதுக் காரணிகளுட் பெரியது 75,000. வகுத்தால் கிடைப்பவை 7, 4. எஞ்சிய 150,000ஐ அவ்வலகால் வகுக்க 2. ஏழும் நான்கும் இரண்டும் கூடப் பதின்மூன்று. ஒன்பது இலட்சத்துக்கு மேலும் பத்து இலட்சத்துக்குள்ளும் 75,000ஆல் வகுபடும் எண் 975,000 ஒன்றே.

பாடநூற் கணக்கிலே விகிதத்தைச் சுருக்கிவிட்டால் விடை முடிந்தது. மலைநாட்டில் அங்குதான் கணக்குத் தொடங்கிற்று. ஏழுக்கு நான்கு என்பது வெறும் வருணனையாக நில்லாது, நிருவாக விதியாயிற்று. ஏழு பேர் இந்தியாவின் கணக்கில் ஏறினால் நான்கு பேர் இலங்கையின் கணக்கில் ஏறலாம். ஏழும் நான்கும் தம்முள் பொதுக் காரணி அற்றவை. ஆகவே விகிதம் பிசகாது நிறைவேறும் மிகச் சிறிய படி பதினொருவரைக் கொண்டது. அத்தகைய படிகள் எழுபத்தையாயிரம். பதினைந்து ஆண்டிற் சீராகப் பகுத்தால் ஆண்டொன்றுக்கு ஐயாயிரம் படிகள். அதாவது 35,000 பேர் ஒருபுறம், 20,000 பேர் மறுபுறம்.

1967ஆம் ஆண்டிலே டட்லி சேனாநாயக்காவின் அரசு உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தும் சட்டத்தை நிறைவேற்றியபோது, இந்தியப் பிரசாவுரிமை பெறுவோர் தொகையோடு இலங்கைப் பிரசாவுரிமை பெறுவோர் தொகை பிணைக்கப்பட்டது. 1971இல் அடுத்த அரசு அதனைத் திருத்திற்று. ஏழு பேர் பத்திரம் பெற்றாற் போதாது. அவர்கள் நாட்டைவிட்டுப் போதல் வேண்டும் என்றாயிற்று. எண்ணளவில் இது சிறு மாற்றம்போலத் தோன்றும். விகிதம் அதுவே; எண்கள் அவையே. ஆனால் அதன்பின், இலங்கையிலேயே பிறந்து இலங்கையிலேயே இருக்க விரும்பிய ஒருவனின் உரிமை, அவன் ஒருபோதும் கண்டிராத ஏழு பேர் கப்பலேறுவதிற் தொங்கிற்று. அவனுடைய தகுதியாலோ, வதிவாலோ, உழைப்பாலோ அதனை ஒரு நாளேனும் முன்தள்ள இயலாது.

எழுபதுகளில் யான் அட்டனுக்கு அண்மையிலுள்ளதொரு பாடசாலையிற் கணிதங் கற்பித்தேன். ஒருநாள் விகிதங்களைச் சுருக்கும் பயிற்சியில் 525க்கு 300 என்று கரும்பலகையில் எழுதினேன். வேறு நோக்கமின்றி எழுதினேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. பின்வாங்கிலிருந்த சிறுவன் ஒருவன் கணக்கைச் செய்யாமலே "ஏழுக்கு நாலு" என்றான். எவ்வாறு கண்டாய் என்று கேட்டதற்கு, வீட்டிலே பேசிக்கொள்வார்கள் என்றான். சற்றுப் பொறுத்து, "ஏழு பேரா சேர், ஏழு குடும்பமா?" என்று கேட்டான். ஏழு பேர் என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான்.

அக்கேள்வியின் கணிதம் எளிதன்று. எல்லாக் குடும்பங்களும் ஒரே அளவினவாயின், பேர்க்கணக்கும் குடும்பக்கணக்கும் ஒன்றே. ஐவர் கொண்ட ஏழு குடும்பம் முப்பத்தைந்து பேர், ஐவர் கொண்ட நான்கு குடும்பம் இருபது பேர், விகிதம் பிசகாது. ஆனால் ஒரு லயத்திலே மூவர் குடும்பமும் ஒன்பதின்மர் குடும்பமும் அடுத்தடுத்த காம்பிராக்களில் இருக்கும்போது, எந்தக் குடும்பத்தையும் பிளவாமல் ஏழுக்கு நான்கு என்று பிரிப்பது பல இடங்களில் இயலாத காரியம். விகிதத்தைக் காப்பதா, குடும்பத்தைக் காப்பதா என்ற தெரிவு வந்தபோது, தந்தை ஒரு பட்டியலிலும் மணமான மகள் மற்றொரு பட்டியலிலுமாக நின்ற நிகழ்ச்சிகள் மலைநாட்டில் எவர்க்கும் தெரிந்தவை. அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் விண்ணப்பித்த வீடுகளும் உண்டு. எங்கு கிடைக்குமோ என்ற அச்சத்தில் அவ்வாறு செய்தனர்.

தோட்டத்து மக்களுக்கு எண்ணாய் இருப்பது பழக்கமற்றதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்தவரின் கழுத்திலே, தோட்டத்துக்குரிய இலக்கமும் ஆளுக்குரிய இலக்கமும் பொறித்த தகர வில்லை தொங்கிற்று. விடியற்காலைப் பெரட்டிலே பேர் கூப்பிட்டுச் செக்குரோலிற் பதிவர். அன்றைக்கு விதித்த இறாத்தல் கொழுந்து சேராவிடின் கணக்கப்பிள்ளை 'அரைப்பேர்' போட்டுவிடுவார். அதாவது அன்று உழைத்த ஆள் சம்பளப் புத்தகத்தில் பாதி ஆள். முழு எண்ணைப் பாதியாக்கும் அக்கணக்கைப் பழகியவர்க்கு ஏழுக்கு நான்கு என்பது விளங்காத கணக்கன்று; நன்றாகவே விளங்கிற்று.

அம்மக்களின் விருப்பம் எவ்விகிதத்தில் நின்றது? விண்ணப்பக் காலம் 1970 ஏப்ரில் 30ஆந் திகதி முடிவுற்றது. அதுவரை இந்தியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தோர் ஏறத்தாழ நான்கு இலட்சம். இலங்கைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தோர் ஏறத்தாழ ஏழு இலட்சம். சுற்றெண்களாயினும் விகிதம் கண்ணிற் படாமற் போகாது. அரசுகள் ஏழுக்கு நான்கு என்று வகுத்தன. மக்கள் நான்குக்கு ஏழு என்று விடை எழுதினர். உடன்படிக்கை 525,000 பேரைக் கேட்டது. போக முன்வந்தோர் அத்தொகையை எட்டவில்லை. 300,000 இடங்களுக்கு அதனின் இருமடங்குக்கும் மேற்பட்டோர் வாயிலில் நின்றனர். பிற்காலத்திலே இந்த உடன்படிக்கையைப் புகழ்ந்தோர் அது நீடித்த சிக்கலைத் தீர்த்தது என்பர். இரு அரசுகளின் சிக்கலைத் தீர்த்ததென்றால் மறுப்பதற்கில்லை.

எஞ்சிய 150,000 பேர் கணிதத்தின் சொல்லிலேயே மீதி ஆவர். வகுத்தற் கணக்கில் மீதியை ஓரத்திலே எழுதி வைப்பதுபோல அவர்களை உடன்படிக்கையின் ஓரத்திலே பத்தாண்டு எழுதி வைத்திருந்தனர். 1974ஆம் ஆண்டு சனவரியில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் அம்மீதியைச் சரிபாதியாக்கினர்: இந்தியாவுக்கு 75,000, இலங்கைக்கு 75,000. பழைய அலகே இங்கும் வந்து நின்றது. இதனால் இந்தியாவின் பங்கு 600,000, இலங்கையின் பங்கு 375,000 ஆயிற்று. விகிதம் எட்டுக்கு ஐந்து. ஐந்து, எட்டு, பதின்மூன்று என்பவை, முன்னிரண்டைக் கூட்ட அடுத்தது வரும் வரிசையிலுள்ளவை. குறிலும் நெடிலும் கொண்டு அமையும் யாப்பு வகைகளை எண்ணப் புகுந்த விரகாங்கரும் பின்னர் ஏமசந்திரரும் கண்ட வரிசை அது. இதிலே மறைபொருள் எதுவுமில்லை. பதின்மூன்றை இரு சமன் அல்லாத கூறுகளாக்குவதற்கு ஆறு வழிகளே உள; அவற்றுள் ஒன்று இவ்வாறு அமைந்தது. யாப்பிலக்கணம் கற்ற ஆசிரிய நண்பர் ஒருவர் இதனைக் கேட்டு வியந்தமையால் ஈண்டுக் குறித்தேன்.

போனவர் போன வழியையும் சொல்லுதல் வேண்டும். பதுளையிலிருந்தும் அட்டனிலிருந்தும் புறப்பட்டோர் பொல்காவலை, அனுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னாருக்குப் புகையிரதத்திற் சென்றனர். வழியனுப்ப வந்தவரின் அழுகையால் மலைநாட்டு மக்கள் அவ்வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டனர். பாத்திரம் பண்டங்களும், சாமிப் படங்களும், சில வேளை தேயிலைக் கன்றொன்றும் உடன் சென்றன. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வரை அவர்களை ஏற்றிச் சென்ற கப்பலின் பெயர் 'இராமானுஜம்'. அப்பால் மண்டபம் முகாம். பின்னர்ச் சிலர்க்கு நீலகிரியிலே, தாயகந் திரும்பியோருக்கென 1968 முதல் தமிழ்நாட்டரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் மீண்டும் கொழுந்துக் கூடை. கூடை மாறவில்லை, மலைதான் மாறிற்று.

நீட்டிக்கப்பட்ட காலவெல்லையும் 1981 அக்டோபரில் முடிந்தது. 1984இல் கப்பற் சேவையும் நின்றது; இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே போக வழியின்றித் தோட்டங்களில் தங்கியோர் பலர். அதற்குள் இந்தியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தோரின் தொகை 506,000 என முடிவாயிற்று. இந்தியா ஏற்கவேண்டிய 600,000க்கு 94,000 குறைவு. 1986ஆம் ஆண்டில் இரு அரசுகளும் பேசி, அக்குறையை இலங்கையின் பங்கோடு சேர்த்தன. அவ்வாண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி 375,000உம் 94,000உம் கூடி 469,000 ஆயின. 506,000ஐயும் 469,000ஐயும் கூட்டிப் பாருங்கள்: மீண்டும் 975,000. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதிய மொத்தத்தை எவரும் தொடவில்லை.

ஆனால் விகிதம் உடைந்துவிட்டது. ஆயிரங்களை நீக்கி 506க்கும் 469க்கும் யூக்கிளிட்டின் முறையைச் செய்க. 506இலிருந்து 469ஐக் கழிக்க 37. 469ஐ 37ஆல் வகுக்க மீதி 25. 37ஐ 25ஆல் வகுக்க மீதி 12. 25ஐ 12ஆல் வகுக்க மீதி 1. இவற்றுக்கு ஒன்றன்றி வேறு பொதுக் காரணி இல்லை. 506 என்பது 2, 11, 23 என்பவற்றின் பெருக்கம். 469 என்பது 7, 67 என்பவற்றின் பெருக்கம். ஏழுக்கு நான்கென்றும் எட்டுக்கு ஐந்தென்றும் பள்ளிச் சிறுவனும் சொல்லக்கூடியதாயிருந்த பங்கீடு, இப்பொழுது சுருக்கவொண்ணாத 506க்கு 469 ஆகி நின்றது. இது பேசி முடித்த விகிதமன்று; ஒவ்வொரு வீட்டிலும் இருந்து விண்ணப்பத் தாளை நிரப்பியவரும் நிரப்ப மறுத்தவரும் சேர்ந்து ஆக்கிய விகிதம். கணித ஆசிரியன் என்ற முறையில் இவ்வெண்களிடம் எனக்கொரு தனி மதிப்புண்டு. 1953ஆம் ஆண்டின் 974,098ஐப் போலவே இவையும் பகுபட மறுக்கின்றன.

1964ஆம் ஆண்டில் எழுதிய மொத்தத்துக்குப் புறத்தேயும் மக்கள் பிறந்துகொண்டிருந்தனர். அவர்கள் பொருட்டு 1988ஆம் ஆண்டில் 39ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னும் பத்திரமற்றோர் எஞ்சினர். அடையாள அட்டை இன்றிச் சோதனைச் சாவடிகளில் நின்றனர். 2003 அக்டோபரில் பாராளுமன்றம் 35ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றிற்று. அச்சட்டத்திலே இத்தனை பேர் என்ற தொகை இல்லை. இத்தனைக்கு இத்தனை என்ற விகிதமும் இல்லை. குறித்ததொரு நாள் முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்து வந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரசைகளாகத் தகுதியுடையோர் என்பதே அதன் விதி. அவ்விதியிற் குறிக்கப்பட்ட நாள் 1964 அக்டோபர் 30.